பருப்புக்கு உரிய பங்கு

மாமிச உணவை விலக்கியவர்களும், பிறந்த நாள் முதல் அதை அறியாதவர்களும், தேகத்துக்கு வேண்டிய புரதச் சத்து தங்களுக்குப் போதிய அளவில் கிடைக்கிறதா என்ற ஐயம் எழுந்து பிறரிடம் யோசனை கேட்கும்போது, இக்காலத்தில் அவர்கள் பெறும் விடை பெரும்பாலும் சோயா என்ற ஒரே சொல்லாக இருக்கிறது. மளிகைக் கடைகளில் மீல்மேக்கர் உருண்டைகளாகவும், பெரிய அங்காடிகளில் சோயாப் பாலாகவும் டோஃபுக் கட்டிகளாகவும், உடற்பயிற்சி செய்வோருக்கென்று டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் மாவாகவும் அது வீடுகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டதன் விளைவாக, சோயா இல்லாத சைவ உணவு ஏதோ ஒரு விதத்தில் குறைபாடு உடையது என்ற எண்ணம் படித்தவர்களிடையேகூட வேரூன்றி வருகிறது. இந்த எண்ணத்துக்கு ரசாயன சாஸ்திரத்திலும் ஆதாரமில்லை. நம் நாட்டிலேயே நடந்த போஷணைப் பரிசோதனைகளிலும் ஆதாரமில்லை. சோயாவை ஒதுக்கிய சைவ உணவு பூரணமான உணவாக இருக்க முடியும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனையை நம் வீடுகளில் பெரும்பாலானவை நிறைவேற்றத் தவறுகின்றன என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

சோயாவை இகழ்வது என் நோக்கமன்று. நூறு கிராம் துவரம் பருப்பிலோ உளுத்தம் பருப்பிலோ 22 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்க, அதே எடையுள்ள சோயாவில் 35 முதல் 43 கிராம் வரை இருக்கிறது. அந்தப் புரதத்தின் தரமும் பாலின் புரதத்துக்கு வெகு அருகில் நிற்கிறது. சீனத்திலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக மக்கள் அதை அரைத்தும், திரித்தும், புளிக்க வைத்தும் உண்டு வாழ்ந்திருக்கிறார்கள். ஆயினும் எல்லோருக்கும் அது உகந்ததன்று. சோயாவின் புரதம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. அதனால்தான் நம் நாட்டு உணவுச் சட்டம், பொட்டலத்தின் மேல் தனித்து அறிவிக்கப்பட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் வரிசையில் பாலையும் நிலக்கடலையையும் போலச் சோயாவையும் வைத்திருக்கிறது. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை உட்கொள்பவர்கள் அதே வேளையில் சோயா உணவையும் உண்டால், மருந்து குடலில் உட்கிரகிக்கப்படுவது குறைகிறது. இவர்களைத் தவிர, அதன் வாசனையும் சுவையும் பிடிக்காதவர்கள் ஏராளம்; உணவில் ருசிக்கும் ஓர் உரிமை உண்டென்பதை சாஸ்திரம் மறுப்பதில்லை. இத்தகையவர்கள் எவரும் தங்கள் உடலுக்கு ஏதோ துரோகம் செய்வதாக வருந்தவேண்டிய அவசியமே இல்லை.

நம் நாட்டில் சோயாவைப் பற்றிய விவாதம் புதியதன்று என்பதைப் பலர் அறியார். 1935-ஆம் ஆண்டில், வார்தாவிலுள்ள மகன்வாடியில் காந்தியடிகள் தம்முடன் இருந்தவர்களுக்குச் சோயாவைச் சமைத்து அளித்துப் பார்த்து, அதைப் பற்றி ‘ஹரிஜன்’ பத்திரிகையில் எழுதினார். ஏழை மக்களுக்கு மலிவான போஷணை எதிலிருந்து கிடைக்கும் என்பதே அவருடைய தேடலாக இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில், நீலகிரியில் கூனூரில் இயங்கிவந்த போஷணை ஆராய்ச்சிச் சாலையின் தலைவராக வந்த ஐக்ராய்டு என்னும் அறிஞர், அதே கேள்வியைப் பரிசோதனையின் மூலம் விசாரிக்கத் தொடங்கினார். அவரும் அவருடைய சகாவான கிருஷ்ணனும், அரிசியைப் பிரதானமாகக் கொண்ட சாதாரணத் தென்னிந்திய உணவை உண்டுவந்த குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலையும் சோயாவையும் வேறு சில பதார்த்தங்களையும் தனித்தனியே கூடுதலாக அளித்து, அவர்களுடைய உயரத்தையும் எடையையும் அளந்து, 1937-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பால் பெற்ற குழந்தைகள் தெளிவாக வளர்ந்தார்கள். சோயா அந்தப் பயனைத் தரவில்லை. பின்னர் 1946-ல், இந்த விஷயத்தை ஆராய்வதற்கென்றே அமைக்கப்பட்ட ஓர் உபகுழு, அரிசி உணவுக்குத் துணையாகச் சேர்க்கும்போது நம் நாட்டுப் பருப்பு வகைகளைக் காட்டிலும் சோயா மேம்பட்டதென்று கொள்வதற்கில்லை என்ற கருத்தைத் தெரிவித்தது. சோயாவில் உள்ள, புரதத்தின் ஜீரணத்தைத் தடுக்கும் பொருள்கள் நன்றாக வேகவைத்தாலொழிய அழிவதில்லை என்பதையும், ஆகவே அதைப் பதப்படுத்தும் முறையைப் பொறுத்தே அதன் பயன் அமையும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1960-களில் ஜபல்பூரிலும் பந்த்நகரிலும் இருந்த விவசாயப் பல்கலைக்கழகங்களின் முயற்சியால் சோயாச் சாகுபடி மத்திய இந்தியாவில் பரவியபோது, அது முக்கியமாக எண்ணெய்ப் பயிராகவே வளர்ந்தது. எண்ணெயைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் மாவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பதப்படுத்தி உருட்டியதே நாம் இன்று குருமாவில் இடும் மீல்மேக்கர்.

புரதத்தின் தரம் என்று சொல்வது எதை என்பதைச் சற்று விளக்கமாகப் பார்க்காமல் மேலே செல்ல முடியாது. நாம் உண்ணும் புரதம் எந்த உருவில் வந்தாலும் குடலில் அமினோ அமிலங்களாகச் சிதைந்து, ரத்தத்தில் கலந்து, பின்னர் உடலின் தேவைக்கேற்ப வேறு வரிசையில் கோக்கப்பட்டுத் தசையாகவும் தோலாகவும் நொதிகளாகவும் உருவெடுக்கிறது. இவ்வமிலங்கள் இருபது வகைப்படும். அவற்றில் ஒன்பதை மனித உடலால் தேவையான அளவில் உண்டாக்கிக்கொள்ள இயலாது. ஆகாரத்தின் மூலமாகவே பெற்றாக வேண்டும். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவரிடம் மற்ற எழுத்துக்களெல்லாம் குவிந்து கிடந்தும் ‘க’ என்ற ஓர் எழுத்து மாத்திரம் தீர்ந்துவிட்டால் பக்கம் எப்படி நின்றுபோகிறதோ, அப்படியே இந்த ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் புதிய புரதம் கோக்கும் வேலை அந்த இடத்திலேயே தடைப்படுகிறது. மிஞ்சியவை சேமித்து வைக்கப்படுவதில்லை; எரிபொருளாகச் செலவழிந்து போகின்றன. இவ்வுண்மையை அமெரிக்காவில் ஆஸ்பர்னும் மெண்டலும் 1914-ல் வெளியிட்ட எலிப் பரிசோதனைகள் கண்ணுக்குத் தெரியும்படி காட்டின. மக்காச்சோளத்தின் புரதத்தை மட்டும் உண்ட எலிகள் மெலிந்தன. டிரிப்டோஃபான் என்னும் அமிலத்தைச் சேர்த்தவுடன் மெலிவது நின்றது. லைசின் என்னும் மற்றோர் அமிலத்தையும் சேர்த்தபின் வளரத் தொடங்கின. அதன் பின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோஸ் என்பவர் 1935-ல் திரியோனின் என்னும் அமிலத்தைக் கண்டறிந்ததோடு, தம் மாணவர்களையே உண்ணச் செய்து, மனிதனுக்கு இன்றியமையாத அமிலங்கள் எவையென்று பல ஆண்டுகள் உழைத்து வரையறுத்தார்.

அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக இருப்பது லைசின். பருப்பு வகைகளில் லைசின் மிகுதி. அவற்றில் குறைவது கந்தகம் கலந்த மெத்தியோனின். அரிசியில் லைசின் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு மெத்தியோனின் போதுமானதாக இருக்கிறது. ஆக, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வயது வந்தவருடைய உணவில் ஒரு கிராம் புரதத்துக்கு 45 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகோல். அரிசியின் புரதத்தில் அது சுமார் 37. துவரம் பருப்பின் புரதத்தில் சுமார் 70. முக்கால் பங்கு அரிசியும் கால் பங்கு பருப்பும் எடுத்துக்கொண்டால், அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழும் பருப்பில் இருபத்திரண்டுமாக இருப்பதனால், 75 கிராம் அரிசியிலிருந்து ஐந்தேகால் கிராமும், 25 கிராம் பருப்பிலிருந்து ஐந்தரை கிராமுமாக இரண்டிலிருந்தும் ஏறக்குறைய சமமான புரதம் வந்து சேர்கிறது. அந்தக் கலப்பில் லைசின் கிராமுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. அரிசி மூன்று பங்கு, பருப்பு ஒரு பங்கு என்ற இந்த அளவில் எந்த விலங்கின் உதவியும் இல்லை, சோயாவின் உதவியும் இல்லை; ஆயினும் அளவுகோல் நிறைவேறிவிடுகிறது.

இரண்டையும் ஒரே கவளத்தில் உண்டாக வேண்டுமோ என்று ஒரு காலத்தில் ஐயம் இருந்தது. 1971-ல் பிரான்சிஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதிப் பெரும் புகழ்பெற்ற நூலொன்று, ஒவ்வொரு வேளையிலும் புரதங்களைக் கணக்கிட்டு இணைக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பலரிடம் பரப்பியது. பத்து ஆண்டுகளுக்குப் பின் வந்த பதிப்பில் அவரே அந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார். உடலில் எந்நேரமும் அமினோ அமிலங்களின் ஒரு புழக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. காலையில் உண்டது மாலையில் உண்டதோடு கூடிப் பயன்படும். ஒரு நாளைக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் போதும்.

இவ்வளவு எளிதாகப் பூர்த்தியாகும் தேவையில் நாம் தவறுவது எங்கே? இதற்கு விடை காண மறுபடியும் கூனூருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 1918-ல் அங்கே பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகச் சிறு அளவில் தொடங்கப்பட்ட வேலையே பிற்காலத்தில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய போஷணை நிலையமாக வளர்ந்தது. அதைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அப்படியே எலிகளுக்கு அளித்து, எந்த உணவில் எலிகள் எவ்வாறு வளர்கின்றன என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரத்துக்கு ஒரு முறை சிறிது மாமிசம் ஆகியவை கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடம் பெற்றன. கடைசி இடம் சென்னை மாகாணத்து உணவுக்குக் கிடைத்தது. தீட்டிய அரிசிச் சோறு மிகுந்து, பருப்பும் பாலும் கீரையும் சுருங்கிய அந்த உணவில் எலிகளின் உடல் குறுகிப் போயிற்று. மாமிசம் இன்மையே இதற்குக் காரணம் என்று அவசரப்பட்டுத் தீர்மானிக்க இடமில்லை. ஏனெனில் வெள்ளை ரொட்டி, மார்கரின், டின்னில் அடைத்த மாமிசம், இனிப்புத் தேநீர் முதலியவற்றைக் கொண்ட இங்கிலாந்து ஏழைகளின் உணவையும் அவர் எலிகளுக்கு அளித்தார். மாமிசம் இருந்தும் அவையும் வளர்ச்சி குன்றின, ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டன. தராதரத்தை நிர்ணயித்தது உணவின் சமநிலை. வயிற்றை நிரப்பும் மாப்பொருளுக்கும், அதற்குத் துணை செய்யும் பருப்பு, பால், கீரை முதலியவற்றுக்கும் இடையே இருந்த விகிதமே எலிகளின் எலும்பிலும் தசையிலும் எழுதப்பட்டது.

அந்தப் பரிசோதனை நடந்து ஒரு நூற்றாண்டாகப் போகிறது. நம் தட்டுகளைக் கவனித்துப் பார்ப்பவர் எவரும், கடைசி இடம் பெற்ற அந்த உணவின் சாயல் இன்னும் மறையவில்லை என்பதை மறுக்க மாட்டார். நான்கு பேர் உண்ணும் வீட்டில் ஒரு கைப்பிடித் துவரம் பருப்பை வேகவைத்து, அதைப் புளிக்கரைசலில் கரைத்துச் சாம்பார் என்று பெயரிட்டு, அதன் தெளிவை ரசமாக்கி, இரண்டுக்கும் மலைபோலச் சோறு குவித்து உண்டுவிட்டு, பருப்பு சாப்பிட்டாயிற்று என்று திருப்தியடைகிறோம். ஐம்பது கிராம் பருப்பு நான்கு பேருக்குப் பங்கிடப்பட்டால் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று கிராமுக்கும் குறைந்த புரதமே. மீல்மேக்கரைத் தேடிப் போகும் முன் இந்தக் கைப்பிடியை அளந்து பார்ப்பது நல்லது.

பருப்பை உரிய அளவில் உண்பதற்கு நம்மிடம் பதார்த்தங்கள் இல்லாமலா இருக்கின்றன? அடையில் அரிசிக்கு ஏறக்குறைய சமமாகத் துவரையும் கடலையும் உளுந்தும் சேர்கின்றன. வெண்பொங்கலில் பயற்றம்பருப்பு தன் பங்கை வஞ்சமின்றிப் பெறுகிறது. பருப்பு உசிலி, கூட்டு, கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பு, மொச்சைக் குழம்பு, தட்டைப்பயற்றுச் சுண்டல் என்று வரிசை நீளும். இவற்றுள் திருநெல்வேலிச் சீமையின் உளுத்தம்பருப்புச் சோற்றைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்பேன். தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தையும் அரிசியையும் சேர்த்து வேகவைத்து, எள்ளுத் துவையலுடன் உண்பது அங்கே வழக்கம். உளுந்தில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு; எள்ளிலோ மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. நடுவே அரிசி. ரசாயனக் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் திட்டமிட்டாலும் இதைவிடப் பொருத்தமான சேர்க்கையை எளிதில் அமைத்துவிட முடியாது. அந்தச் சமையலைக் கண்டவர்கள் அமினோ அமிலம் என்ற பெயரைக் கேட்டிருக்க நியாயமில்லை. தலைமுறைகளின் அனுபவம் அவர்களுக்கு வழிகாட்டியிருக்க வேண்டும்.

பருப்பு வாயுவை உண்டாக்கும் என்று முதியோர் பலர் அதை ஒதுக்குவதும் அறியாமையால் அன்று. பருப்புகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் முதலிய சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றைப் பிளக்கும் நொதி மனிதக் குடலில் இல்லாமையால், பெருங்குடலுக்குச் சென்று அங்கே வாழும் பாக்டீரியாக்களால் சிதைக்கப்பட்டு வாயுவாக மாறுகின்றன. பயறுகளை இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்தால் இச்சர்க்கரைகளில் ஒரு பகுதி நீங்கும். முளைகட்டினால் இன்னும் குறையும். முளைப்பதில் வேறொரு லாபமும் உண்டு. உலர்ந்த பயற்றில் இல்லாத வைட்டமின் சி முளையில் புதிதாகத் தோன்றுகிறது. இரும்பையும் சுண்ணாம்பையும் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்கு விடாத ஃபைடிக் அமிலமும் சிதைகிறது. இட்லி மாவு புளிக்கும்போதும் இத்தகைய மாறுதல்களே நிகழ்கின்றன. லூக்கோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா மாவில் பெருகி அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்க, உளுந்தின் வழுவழுப்பான பொருள்கள் அந்த வாயுவை வெளியேற விடாமல் தாங்கி நிற்பதனாலேயே இட்லி உப்புகிறது. ஜீரண சக்தி குன்றியவர்களுக்கு உளுந்தை அளிக்க இதைவிட மென்மையான வழி இல்லை. குழந்தைகளுக்கோ வேறொரு சிரமம் உண்டு: அவர்களுடைய வயிறு சிறியது, கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்க முடியாது, நீர்த்திருந்தால் சத்துப் போதாது. முளைகட்டி உலர்த்தி அரைத்த கேழ்வரகு மாவையும் பயற்றமாவையும் காய்ச்சினால், முளையில் தோன்றும் நொதி மாப்பொருளை இளக்கிவிடுவதனால், மாவு மிகுந்தும் கஞ்சி இளகலாகவே இருக்கும்.

நிலக்கடலையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அநீதி. நூறு கிராமில் 25 கிராம் புரதம் கொண்ட இந்த விதை, தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் விளைந்து, ஏழையின் பையிலும் இடம் பெறுகிறது. மைசூரில் 1950-ல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கடலை மாவு கால் பங்கும் சேர்த்து, வைட்டமின்களையும் சுண்ணாம்புச் சத்தையும் கலந்து, பல்நோக்கு உணவு என்ற பெயரில் ஒரு மாவைத் தயாரித்தார்கள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் புரதம் கொண்ட அந்த மாவில் சோயா இல்லை. இத்தகைய முயற்சிகளுக்குப் பெருந்தடையாக வந்தது ஒரு பூஞ்சணம். 1960-ல் இங்கிலாந்தில் பல்லாயிரக்கணக்கான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டபோது, அவற்றுக்குத் தீனியாக இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் படர்ந்து, ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை விளைவித்திருந்தது தெரியவந்தது. குற்றம் கடலையினுடையதன்று, ஈரத்தோடு சேமித்ததன் விளைவு அது. சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை பிடித்த பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நன்றாக உலர்ந்தவற்றை வாங்கி உண்பதில் அச்சப்பட ஒன்றுமில்லை. வறுத்தாலும் அந்த விஷம் முழுவதும் அழிவதில்லையாகையால், பொறுக்கும் வேலையில் மாத்திரம் சோம்பல் கூடாது.

புரதத்தோடு சைவ உணவின் கவலை முடிந்துவிடுவதில்லை. இரும்புச் சத்து பருப்பிலும் கீரையிலும் எள்ளிலும் இருக்கத்தான் இருக்கிறது. ஆயினும் தாவரத்தின் இரும்பில் உடல் ஏற்பது நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் குறைவே. வைட்டமின் சி உடன் வந்தால் அந்தப் பங்கு உயரும். கீரைக் கூட்டு உண்ணும் வேளையில் நெல்லிக்காய்ப் பச்சடியோ, எலுமிச்சை பிழிந்த சுண்டலோ, ஒரு கொய்யாப் பழமோ இருப்பது இதனால் வெறும் சுவைக்காக மட்டும் அன்று. இதற்கு நேர்விரோதமான வேலையைச் செய்வது, சாப்பிட்டுக் கை கழுவியவுடன் அருந்தும் காப்பியும் தேநீரும். தேநீரின் துவர்ப்பு அந்த வேளை உணவின் இரும்பில் உடல் ஏற்கக்கூடியதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். காப்பி அதைவிடச் சற்றுக் குறைவான கெடுதல் செய்யும். காப்பியை விட்டுவிடும்படி நான் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் அதற்கும் இடையே ஒன்றரை மணி நேரம் விடுவது, முக்கியமாக இளம் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும், மருந்துக்கு நிகரான நன்மை தரும். சுண்ணாம்புச் சத்துக்குத் தயிரும் மோரும் பிரதானம். அவற்றை விலக்குவோர்க்குக் கேழ்வரகு இருக்கிறது. அரிசியில் நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம் அளவில் உள்ள சுண்ணாம்பு, கேழ்வரகில் 350 மில்லிகிராமை ஒட்டி நிற்கிறது. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் எள்ளும் இதே வரிசையைச் சேர்ந்தவை.

ஆனால் பருப்பும் கீரையும் எவ்வளவு உண்டாலும் தர முடியாத ஒன்று உண்டு; அது வைட்டமின் பி12. இதைத் தாவரம் உண்டாக்குவதில்லை, விலங்கும் உண்டாக்குவதில்லை. பாக்டீரியா மாத்திரமே உண்டாக்குகிறது. சோயாவிலும் இது இல்லை என்பதைச் சோயாவை நம்பியிருப்போர் அறிந்துகொள்ள வேண்டும். இதன் ஆராய்ச்சியிலும் நம் மாநிலத்துக்குப் பங்குண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய வந்து, கூனூரிலும் தங்கி வேலை செய்து, ஈஸ்ட் சாரம் அந்த நோயைத் தீர்ப்பதை 1931-ல் வெளியிட்டார். அந்தச் சாரத்தில் நோயைத் தீர்த்தது பருப்பிலும் கீரையிலும் நிறைந்திருக்கும் ஃபோலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. பி12-ம் ஃபோலிக் அமிலமும் ரத்தத்தின் உற்பத்தியில் கைகோத்து வேலை செய்கின்றன. ஃபோலிக் அமிலம் தாராளமாகக் கிடைக்கும் மரக்கறி உணவில், பி12 குறைந்தாலும் ரத்தசோகை வெளிப்படாமல் மறைந்திருக்க, நரம்புகள் மாத்திரம் மெல்ல மெல்லக் கெட்டுவரக்கூடும். ஈரலில் பல ஆண்டுகளுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதனால், குறைவு வெளியே தெரிவதற்கும் அத்தனை ஆண்டுகள் ஆகும். கைகால் மரத்துப் போவதையும் நினைவு மங்குவதையும் வயோதிகத்தின் குணம் என்று விட்டுவிடுவது இதனால்தான் ஆபத்து.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர், தென்னிந்தியர் சிலரின் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்கள் பி12-ஐ உற்பத்தி செய்யக்கூடும் என்று 1980-ல் கண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சைவ உணவே உண்டவர்கள் எவ்வாறு நிலைத்தார்கள் என்ற கேள்விக்கு அது ஒரு பகுதி விளக்கமாக இருக்கலாம். எனினும் தம் குடலில் அத்தகைய பாக்டீரியா இருக்கும் என்று நம்பி எவரும் வாளாவிருக்கலாகாது. ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் இரண்டரை மைக்ரோகிராம். அரை லிட்டர் பாலோ தயிரோ அதற்குக் கிட்டத்தட்டப் போதும். பாலையும் விலக்குவோர், மருத்துவரைக் கேட்டு, பி12 மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். இதில் கொள்கைக்கு முரண் ஒன்றுமில்லை. மாத்திரையில் உள்ள பி12 பாக்டீரியாவை வளர்த்தே எடுக்கப்படுகிறது.

இனி ஒரு நாளின் உணவைக் கணக்கிடுவோம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஆண்மகனுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் நிர்ணயித்த அளவு. ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பெண்மணிக்குச் சுமார் 46. இட்லிக்கும் சோற்றுக்குமாக 200 கிராம் அரிசியும், கூழுக்கோ அடைக்கோ 50 கிராம் கேழ்வரகும் சேர்ந்து பதினேழு கிராம் தரும். இட்லியின் உளுந்து, சாம்பாரின் துவரை, கூட்டின் பயறு எல்லாமாக 80 கிராம் பருப்பு பதினெட்டு கிராம். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் ஆறு. ஒரு கைப்பிடி நிலக்கடலை மற்றோர் ஆறு. பாலும் தயிருமாக 400 மில்லிலிட்டர் பதின்மூன்று. கீரையும் காய்களும் நான்கைச் சேர்க்கும். மொத்தம் அறுபதைத் தாண்டுகிறது. ஜீரணத்தில் கழிவதைக் கழித்தாலும் குறைவு நேராது. இவற்றில் எதுவும் அருமையான பண்டமன்று. எல்லாம் தெருக்கோடிக் கடையில் கிடைப்பவை. ஆளி விதைப் பொடியோ கடுகெண்ணெயோ சிறிதளவு சேர்த்துக்கொண்டால், சோயா எண்ணெயிலிருந்து பெறக்கூடிய நல்ல கொழுப்பும் வந்துவிடும்.

ஆகவே, சமையலறையில் பொறுப்பேற்றிருப்பவர்களை, அவர்கள் ஆணாயினும் பெண்ணாயினும், நான் வேண்டிக்கொள்வது இதுதான்: நாளை உலை வைக்கும்போது அரிசியை அளக்கும் அதே ஆழாக்கால் பருப்பையும் அளந்து பாருங்கள். மூன்று ஆழாக்கு அரிசி வடிக்கும் வீட்டில் ஓர் ஆழாக்குப் பருப்பு வேக வேண்டும். அதற்கு அரிசியைக் கொஞ்சம் குறைக்க நேர்ந்தால் தயங்காமல் குறையுங்கள்.